கோர்பெலா எஸ்கோ ஓடிப்போன வழக்கு

எல்லைச் சாவடிக்கு வந்து சேர்ந்ததும் எஸ்கோ செய்த முதல் தப்பு, கேட்டவுடன் தன் பெயரைச் சொன்னதுதான்.

எங்கள் பக்கத்தில் பெயர் என்பது வீட்டுக்குச் சொந்தம், ஆளுக்கு இல்லை. கோர்பெலா என்ற பண்ணையில் குடியிருந்து உழுகிறவன் கோர்பெலா. அவனே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு மாமனார் பண்ணையான நிக்கிலாவுக்குக் குடிபோனால், அன்று சாயங்காலமே நிக்கிலா ஆகிவிடுவான். இதற்காக யாரும் அழுததில்லை. வீட்டுக்கென்று ஒரு குறியும் உண்டு. கோர்பெலாவின் குறி நாலு கோடு; கோடரிக் காம்பிலும் படகிலும் வலைக்கட்டையிலும் அதைச் செதுக்கி வைப்பார்கள். எழுத்துத் தெரியாதவன் கையெழுத்துப் போடவேண்டிய இடத்திலும் அதையே போடுவான். பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து இப்படித்தான் நடந்துவந்தது, ஒரு குழப்பமும் இருந்ததில்லை. குழப்பம் வருவதற்கு ஒரு அரசாங்கம் வரவேண்டும். எங்களுக்கு இரண்டு வந்தன.

ஸ்வீடன் ராஜாவும் ரஷ்ய மகாராணியும் சண்டை போட்டுக் களைத்த பிறகு, கியூமி ஆற்றை எல்லையாக வைத்துச் சமாதானமானார்கள். மேற்குக் கரை ராஜாவுக்கு, கிழக்குக் கரை மகாராணிக்கு. இருவருமே அந்த ஆற்றைக் கண்ணால் கண்டதில்லை. எங்களில் பாதிப் பேருக்கு மாமனார் வீடு அக்கரையில், மீதிப் பேருக்கு வைக்கோல் போர் அக்கரையில். அதுவரை தங்கச்சியைப் பார்க்கப் படகெடுத்துப் போனவன், அதற்குப் பிறகு வெளிநாட்டுக்குப் போகிறவன் ஆனான்.

அந்த வருஷம் எங்கள் ரொட்டித் தானியமான ரையின் கதிர் பால் பிடிப்பதற்குள் உறைபனி விழுந்து வயல் மொத்தமும் கருகியது. எஸ்கோவால் வரி கட்ட முடியவில்லை. அக்கரையில் அவன் மனைவி மர்கேத்தாவின் அண்ணனுக்குக் கொஞ்சம் விளைச்சல் இருந்தது. "குடும்பத்தோடு வா, வசந்தம் வரைக்கும் இங்கே இருந்துக்கலாம்" என்று அவர் சொல்லி அனுப்பியிருந்தார். ஊர்ப் பாதிரியார் நல்லவர். ஒரு வழிச்சீட்டு எழுதிக் கொடுத்தார். கோர்பெலாவின் எஜமான், அவர் மனைவி, ஒரு பெண் குழந்தை, உறவினரைப் பார்க்க ஆற்றைக் கடக்கலாம் என்று. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. சீட்டு முத்திரைக்காக மாவட்டத் தலைநகருக்குப் போனது. அங்கே அது இலையுதிர்காலம் முழுவதும் ஓய்வெடுத்தது. திரும்பி வருவதற்குள் நவம்பர் தொடக்கத்து அனைத்துப் புனிதர் திருநாளும் வந்துவிட்டது. வரி பாக்கிக்காகப் பண்ணை அரசாங்கத்துக்குப் போய், பாதிரியார் வீட்டில் பண்ணையாளாக இருந்த பாவ்லியைக் கொண்டுவந்து கோர்பெலாவில் குடிவைத்திருந்தார் மணியக்காரர்.

எஸ்கோ இதைப் பெரிதாக நினைக்கவில்லை. கையில் சீட்டு இருக்கிறது, சீட்டில் முத்திரை இருக்கிறது. மகளைச் சறுக்குவண்டியில் வைத்துப் போர்வையால் சுற்றி, மனைவியும் அவனும் மாறி மாறி இழுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்கு வந்தார்கள். நாலு வயசுக் கைசாவுக்குக் கால் இரண்டும் வீங்கியிருந்தது. விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்தது, விழுந்த பள்ளம் எழும்பவில்லை. பைன் மரப்பட்டையை இடித்து மாவாக்கிச் சுட்ட ரொட்டியைத் தின்று பல வாரமாகிவிட்டது. இந்தக் குளிரைக் குழந்தை தாங்காது என்று இருவருக்கும் தெரியும். 

சாவடியில் குமாஸ்தா நோர்லிங் இறகுப் பேனாவை மெழுகுவர்த்தியில் காட்டிச் சூடேற்றிக்கொண்டிருந்தார்.

"பேரு?"

"கோர்பெலா எஸ்கோங்க."

நோர்லிங் நிமிர்ந்து பார்த்தார். "கோர்பெலாவுல இருக்கிறது பாவ்லி."

"ஆமாங்க. அவருக்கு முந்தி நான் இருந்தேன்."

"இப்ப நீ எங்க இருக்கே?"

"இங்கதாங்க, உங்க முன்னாடி நிக்கிறேன்."

"இது சாவடி. சாவடிப் பேரையெல்லாம் நீ வச்சுக்க முடியாது. அரசாங்கச் சொத்து." நோர்லிங் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்தச் சீட்டு கோர்பெலா எஜமானுக்குக் கொடுத்தது. அவரு கோர்பெலாவுல இருக்காரு. அவரோட சீட்டு உன் கைக்கு எப்படி வந்துச்சு?"

மர்கேத்தாவுக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, இவரு யாருன்னு நான் சொல்றேன். இவரு என் புருஷன்."

"நீ யாரும்மா?"

"இவரு பொண்டாட்டி."

"எவரு பொண்டாட்டி?"

"இவரோடதாங்க."

"இவரு யாருன்னுதாம்மா நாங்களே தேடிக்கிட்டிருக்கோம். தெரியாத ஒருத்தரை வச்சு உன்னை எப்படி நான் தெரிஞ்சுக்கிறது?"

உள்ளே இருந்து லெப்டினன்ட் எர்ன்வால் வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். ஆடு பொரித்த வாசனையும் அவரோடு வந்தது. கைசா போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டி மோந்து பார்த்தாள். லெப்டினன்ட் இரக்கமுள்ளவர் என்று சாவடியில் பெயரெடுத்தவர். யாரையும் அடிக்கமாட்டார். பேசுவார்.

"பயப்படாதே," என்றார் எஸ்கோவிடம். "நாங்க இங்க உக்காந்திருக்கிறதே உங்க நல்லதுக்குத்தான். எல்லைன்னு ஒண்ணு இல்லேன்னா, நீ எந்த நாட்டுல பட்டினி கிடக்கிறேன்னு உனக்கே தெரியாமப் போயிடும். போன வருஷம் எத்தனை குடும்பம் இந்த ஆத்தைத் தாண்டி ஓடிப்போச்சு தெரியுமா? நம்ம ஜனங்களுக்கு நன்றி கிடையாது. வரி வாங்கிக்கிறோம், பையனைப் பட்டாளத்துக்கு எடுத்துக்கிறோம், ஞாயித்துக்கிழமையானா உங்களுக்காக ஜெபமும் பண்றோம். இதுக்கு மேல ஒரு நாடு என்னதான் செய்யும்? பசிக்குது, அதனால போறேன்னு சொல்றீங்க. பசி யாருக்கு இல்ல? இன்னிக்கு எனக்கே மதியச் சாப்பாடு தாமதமாத்தான் வந்தது. நான் எங்கயாவது ஓடினேனா?"

"இல்லீங்க," என்றான் எஸ்கோ.

"அதான். நோர்லிங், ஆளோட அடையாளத்தைச் சரிபாருங்க."

சீட்டின் அடிப்பகுதியில் பாதிரியார் அடையாளங்களையும் எழுதியிருந்தார். நோர்லிங் ஒவ்வொன்றாக வாசித்தார். உயரம் நடுத்தரம், சரி. தலைமுடி சணல் நிறம், சரி. கன்னம் பருத்துச் சிவந்தது. அங்கே நின்றுவிட்டார். மெழுகுவர்த்தியைத் தூக்கி எஸ்கோவின் முகத்துக்கு நேராகப் பிடித்தார். இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார்.

"கன்னம் எங்கேய்யா?"

"தின்னுட்டோங்க."

"என்னது?"

"வீட்டுல இருந்ததெல்லாம் தீர்ந்த பிறகு உடம்புல இருந்ததைத்தாங்க தின்னுக்கிட்டிருக்கோம்."

இதை எந்தப் பத்தியில் எழுதுவது என்று நோர்லிங்குக்கு விளங்கவில்லை. லெப்டினன்ட்டைப் பார்த்தார். லெப்டினன்ட் சிறிது யோசித்தார்.

"மாறுவேஷம்னு எழுதுங்க," என்றார்.

ஆனாலும் ஒரு வழி விடவேண்டும் என்று நினைத்தார் நோர்லிங். அவருக்கும் பெண்குழந்தை உண்டு. "ஒரு மனு போட்டுடு. 'நான்தான் நான், என்னை நானென்று அங்கீகரிக்க வேண்டும்'னு நானே எழுதித் தர்றேன். நீ கீழே கையெழுத்துப் போடு. மேலிடத்துக்கு அனுப்பி வைப்போம்." அவரே அழகாக எழுதினார். பேனாவை எஸ்கோவின் கையில் கொடுத்தார்.

எஸ்கோ பேனாவை வாங்கினான். கை பழக்கத்தில் ஓடியது. நாலு கோடு போட்டான்.

எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது. குதிரை பழகின லாயத்துக்குப் போவதைப் போலக் கையும் அந்தக் குறிக்குப் போய்விட்டது. போட்டு முடித்து நிமிர்ந்தபோதுதான் நோர்லிங்கின் முகத்தை அவன் பார்த்தான்.

"இது எந்த வீட்டுக் குறி?"

எஸ்கோ பேனாவைக் கீழே வைத்தான்.

"கோர்பெலா குறி. அந்தக் குறி பாவ்லிக்குச் சொந்தம். இன்னொருத்தன் குறியை அரசாங்க மனுவுல, என் கண் முன்னாலயே, என் பேனாவால போட்டிருக்கே." நோர்லிங்கின் குரலில் கோபத்தைவிட வருத்தமே அதிகமாக இருந்தது. "உனக்கு உதவி பண்ண வந்தேன் பாரு."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. சீட்டுத் திருட்டு, மாறுவேஷம், கள்ளக் கையெழுத்து என்று மூன்று குற்றத்தையும் சேர்த்து, எஸ்கோவைச் சாவடியின் விறகுக் கொட்டகையில் பூட்டினார்கள். சட்டப்படி அவனுக்குப் பெயர் இல்லாததால் 'ஆள்' என்று எழுதிக்கொண்டார்கள். மர்கேத்தாவையும் கைசாவையும் சிப்பாய்கள் குளிக்கும் சௌனாக் குடிலில் தங்கவிட்டார்கள். சனிக்கிழமை சிப்பாய்கள் குளிக்க வந்தபோது இருவரும் வெளியே பனியில் நின்றார்கள்.

உண்மையான கோர்பெலாவை வரவழைத்து விசாரிப்பது என்று முடிவாயிற்று. அதற்குள் ஆற்றின் ஓரங்களில் பனிக்கட்டி படரத் தொடங்கிவிட்டது. ஆறு உறைந்ததும் வழிச்சீட்டுகள் எதுவும் செல்லாது. பனிமேல் யார் வேண்டுமானாலும் நடந்து போய்விடலாம் என்பதால், அந்தப் பருவத்தில் யாரையும் போகவிடுவதில்லை என்பது சாவடியின் விதி. கொட்டகைப் பலகை இடுக்கு வழியாக எஸ்கோ ஆற்றைப் பார்த்துக்கொண்டே கிடந்தான். அக்கரையில் மச்சான் வீட்டுப் புகைபோக்கியிலிருந்து தினமும் காலையில் புகை எழும்பியது. ரொட்டி சுடுகிறார்கள். அவன் அந்தப் புகையைப் பார்த்து அழுதான். புகைக்கு அழுதவன் என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும், அந்தக் குளிர்காலத்தில் நாங்கள் எல்லாரும் எதற்காவது அழுதோம்.

பாவ்லி வந்து சேர்ந்தான். நல்ல உருண்டையான பையன். பாதிரியார் வீட்டு அடுப்பங்கரையில் பல வருஷம் தின்று வளர்ந்த கன்னம், கோர்பெலாவுக்கு வந்து சில வாரங்கள்தான் ஆனதால் இன்னும் கரையவில்லை. சாவடியைக் கண்டதுமே தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான். நோர்லிங் மெழுகுவர்த்தியைத் தூக்கிப் பிடித்தார்.

"உயரம் நடுத்தரம். முடி சணல் நிறம். கன்னம் பருத்துச் சிவந்தது." அவர் சீட்டைக் கீழே வைத்தார். "கச்சிதம். சீட்டு இவனுதுதான்."

"நான் சீட்டே கேக்கலீங்களே," என்றான் பாவ்லி.

"கேக்காதவனுக்குக் கிடைச்சிருக்குன்னா நிர்வாகம் ஒழுங்கா நடக்குதுன்னு அர்த்தம்," என்றார் லெப்டினன்ட். "உன் பொண்டாட்டி எங்கே?"

"எனக்குக் கல்யாணமே ஆகலீங்க, துரை."

"கோர்பெலா எஜமானுக்கு மனைவி ஒண்ணு, பெண் குழந்தை ஒண்ணுன்னு பாதிரியார் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்காரு. நீ கோர்பெலா எஜமான்தானே?"

"ஆமாங்க."

"பாதிரியார் பொய் சொல்லுவாரா?"

பாதிரியார் உப்பைத் தின்று வளர்ந்தவன் பாவ்லி. அப்படி ஒரு வார்த்தை அவன் வாயில் வராது. "மாட்டாருங்க."

"அப்போ உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு."

பாவ்லி தொப்பியைக் கையில் வைத்துப் பிசைந்தான். "எவ்வளவு நாளாச்சுங்க?" என்று பணிவாகக் கேட்டான்.

"ஞாபகமில்லைங்கிறான்," என்று லெப்டினன்ட் நோர்லிங்கிடம் சொன்னார். "பொண்டாட்டி சௌனாவுல கிடக்கிறா, இவனுக்கு ஞாபகமில்லை. இந்த ஜனங்களோட குடும்ப வாழ்க்கையே இப்படித்தான். அதனாலதான் நாங்க கவனமா எழுதி வச்சுக்கிறோம். இவங்க மறந்தாலும் அரசாங்கம் மறக்காது."

தீர்ப்பு இப்படி ஆயிற்று: கோர்பெலா எஜமான் தன் மனைவி, குழந்தையோடு ஆற்றைக் கடக்கலாம். சீட்டு செல்லும். கொட்டகையில் கிடக்கும் ஆள் மட்டும், தான் கோர்பெலா இல்லையென்று படகுத்துறையில் எல்லார் முன்னிலையிலும் சொல்லவேண்டும். அப்படிச் சொன்னால் மூன்று குற்றமும் மன்னிக்கப்படும்.

அன்று சாயங்காலம் பாவ்லி தானாகவே கொட்டகைப் பக்கம் வந்தான். மர்கேத்தா அங்கே பலகை இடுக்கில் முகத்தை வைத்து உட்கார்ந்திருந்தாள். கைசா அவள் மடியில் தூங்கினாள்.

"அண்ணே, நான் ஒண்ணும் கேட்டு வரல," என்றான் பாவ்லி. "கோர்பெலாவும் நான் கேக்கல, இதுவும் கேக்கல. என்னை வையாதே."

"உன்னை எதுக்குடா வையப்போறேன்," என்றது கொட்டகைக்குள்ளிருந்து எஸ்கோவின் குரல். "இவங்க ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டுப் போ."

மர்கேத்தா பலகையில் ஓங்கி அறைந்தாள். "ஏன்யா, உனக்கு வெக்கமா இல்ல? கட்டின பொண்டாட்டியை இன்னொருத்தன் கையில புடிச்சுக் குடுக்கிறியே."

"வெக்கப்படறதுக்கும் தெம்பு வேணும் மர்கேத்தா. புள்ள காலைப் பாத்தியா இன்னிக்கு?"

அவள் பார்த்திருந்தாள். வீக்கம் முழங்காலைத் தாண்டியிருந்தது.

"அக்கா, நான் அப்படி இப்படி ஆளு இல்ல," என்று பாவ்லி அவசரமாகச் சொன்னான். "உங்க அண்ணன் வீட்டு வாசல்ல விட்டுட்டு, அதே படகுல திரும்பிடுவேன். வேதத்து மேல சத்தியம்."

"திரும்பி வராதே," என்றான் எஸ்கோ. "வந்தேன்னா பொண்டாட்டி புள்ள எங்கேன்னு கேப்பாங்க. ஆள் அனுப்பி அவங்களையும் இழுத்துட்டு வருவாங்க. நீயும் அங்கயே இருந்துடு. என் மச்சான் வீட்டுல ஏதாவது வேலை இருக்கும்."

"அப்போ கோர்பெலா?"

"அது எங்கயும் ஓடாது."

மர்கேத்தா அதற்கு மேல் சண்டை போடவில்லை. விரலைப் பலகை இடுக்கில் நுழைத்தாள். எஸ்கோ பிடித்துக்கொண்டான். "நீ எப்ப வருவே?" என்று கேட்டாள். "வருவேன்" என்றான். எப்படி என்று அவள் கேட்கவில்லை, அவனுக்கும் தெரியாது. வெறும் பொய்தான். அந்த நேரத்தில் வேறு எதைச் சொல்வான்?

பாவ்லி அங்கியிலிருந்து அரை ரொட்டியை எடுத்துத் தூங்கும் குழந்தையின் கையில் வைத்தான். கைசா கண்ணைத் திறக்காமலே தின்னத் தொடங்கினாள்.

மறுநாள் காலை படகுத்துறையில் எல்லாரும் கூடினார்கள். ஓரத்துப் பனிக்கட்டியைச் சிப்பாய்கள் கோடரியால் வெட்டிப் படகுக்கு வழி செய்துகொண்டிருந்தார்கள். எதிர்க்கரையில் மகாராணியின் அதிகாரி ஒருவர் காலை மாற்றி மாற்றி வைத்துக் காத்திருந்தார். கைசாவுக்கு முந்தின நாளே சொல்லிக் கொடுத்திருந்தார்கள்: துரை கேட்டால் பாவ்லி மாமாவைத்தான் அப்பா என்று சொல்லவேண்டும். "ஏன்?" என்று கேட்டிருக்கிறாள். "விளையாட்டு" என்று அம்மா சொல்லியிருக்கிறாள்.

லெப்டினன்ட் புது அங்கி போட்டுக்கொண்டு வந்திருந்தார். முதலில் மர்கேத்தாவைக் கேட்டார். "இவரு யாரும்மா?"

"என் புருஷன்," என்றாள் மர்கேத்தா, ஆற்றைப் பார்த்துக்கொண்டு.

கை கட்டப்பட்டு நின்ற எஸ்கோவிடம் திரும்பினார். "நீ கோர்பெலாவா?"

"இல்லீங்க."

"அருமை. இவ்வளவுதான், சுலபமான விஷயம்." லெப்டினன்ட்டுக்கு மனசு நிறைந்துவிட்டது. குனிந்து கைசாவின் தாடையைப் பிடித்தார். "பாப்பா, உங்க அப்பா யாரு? காட்டு பாப்போம்."

கைசா சொன்னபடி கேட்கிற பிள்ளை. பாவ்லியைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். அப்போதுதான் சிப்பாய்களுக்கு நடுவில் நின்ற எஸ்கோ அவள் கண்ணில் பட்டான். கொட்டகைக்குள் போனதிலிருந்து அவள் அவனைப் பார்க்கவில்லை. விளையாட்டு மறந்துபோயிற்று.

"அப்பா," என்று அவனைப் பார்த்துச் சொன்னாள். "கால் வலிக்குதுப்பா. தூக்கு."

கோடரிகள் நின்றன. நோர்லிங் பேனாவை எடுத்தார். லெப்டினன்ட் மெதுவாக நிமிர்ந்து எஸ்கோவைப் பார்த்தார்.

"உன்னைத்தான் கூப்பிடுது."

எஸ்கோ குழந்தையைப் பார்க்கவில்லை. பார்த்தால் முடிந்தது. படகின் மூக்கையே பார்த்துக்கொண்டு பேசினான். "பசிச்ச புள்ளைங்க யாரைப் பாத்தாலும் அப்பான்னுதாங்க கூப்பிடும். இந்தப் புள்ளைய எனக்குத் தெரியாது."

"நிச்சயமா?"

"பாத்ததே இல்லீங்க."

கைசா அழவில்லை. தான்தான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று நினைத்தாள் போலிருக்கிறது. உடனே பாவ்லியின் காலைக் கட்டிக்கொண்டு, "இதுதான் அப்பா, இதுதான் அப்பா," என்று திருப்பித் திருப்பிச் சொன்னாள். சொல்லிவிட்டு, சரியாகச் சொன்னேனா என்று எஸ்கோவைத்தான் திரும்பிப் பார்த்தாள். எஸ்கோ படகின் மூக்கிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவன் நின்றான். நிற்பதைத் தவிர அவன் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

மர்கேத்தா குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு படகில் ஏறினாள். திரும்பிப் பார்க்கவில்லை. பாவ்லி துடுப்பைத் தலைகீழாகப் பிடித்துப் பிறகு சரிசெய்துகொண்டான். படகு போயிற்று.

"பாத்தீங்களா நோர்லிங்," என்றார் லெப்டினன்ட், கையுறையை மாட்டிக்கொண்டே. "நேத்து பொறந்த குழந்தை பேச்சை நம்பியிருந்தோம்னா, இன்னிக்கு ஒரு குடும்பத்தையே பிரிச்சிருப்போம். எவ்வளவு பெரிய பாவம். அதனாலதான் சொல்றேன், மனுஷங்க வாயைப் பாக்காதீங்க, தாளைப் பாருங்க." அவருக்குக் கண் கலங்கியிருந்தது. சேர்ந்து போகிற குடும்பத்தைப் பார்த்தால் எப்போதும் அவருக்கு அப்படி ஆகும் என்று சிப்பாய்கள் சொல்வார்கள்.

பாவ்லி திரும்பி வரவில்லை. ஆறு உறைந்தது. கோர்பெலாவில் அடுப்பு எரியாமல் கிடந்தது. எஜமான் இல்லாத பண்ணை அரசாங்கத்துக்கு நஷ்டம். எஜமான் இல்லாத ஆளும் நஷ்டம். பெயரில்லாமல் திரிகிறவனை எங்காவது ஒரு வீட்டில் கட்டிப்போட வேண்டும் என்பது சட்டம். இரண்டு நஷ்டத்தையும் சேர்த்தால் ஒரு லாபம் வரும் என்று மணியக்காரர் கண்டுபிடித்தார். மன்னிப்புக் கிடைத்தும் போக இடமில்லாமல் கொட்டகையில் கிடந்த ஆளைக் கொண்டுபோய்க் கோர்பெலாவில் குடிவைத்தார்.

"புது இடம், பழகிக்கோ," என்று அறிவுரையும் சொன்னார். "இதுக்கு முன்னாடி இருந்தவங்க சரியில்லை. ஒருத்தன் வரி கட்டல, ஒருத்தன் ஓடிப்போனான். நீயாவது பேரைக் காப்பாத்து."

எஸ்கோ தன் வீட்டுக்குள் போனான். எல்லாம் வைத்த இடத்தில் இருந்தது. கைசாவின் சின்ன மரக் கரண்டி அலமாரிக்கு அடியில் கிடந்தது. அன்றிலிருந்து அவன் மறுபடியும் கோர்பெலா எஸ்கோ.

குளிர்காலம் பாதி போனபோது, சாவடியில் வருஷக் கணக்குப் பார்த்தார்கள். யார் யார் ஆற்றைத் தாண்டிப் போனார்கள், யார் யார் திரும்பவில்லை. நோர்லிங் வரிசையாக வாசித்துக்கொண்டு வந்தவர் ஓரிடத்தில் நின்றார். கோர்பெலா எஜமான், மனைவி, ஒரு பெண் குழந்தை. உறவினரைப் பார்க்கப் போனவர்கள், திரும்பவில்லை. ஓடிப்போனவர்கள். ஓடிப்போனவனைப் பிடிக்க வேண்டுமானால் அவன் வீட்டில்தான் தேட வேண்டும். அரசாங்கத்துக்கு வேறு விலாசம் தெரியாது. இரண்டு சிப்பாய்கள் கோர்பெலாவுக்குப் போய்க் கதவைத் தட்டினார்கள்.

"கோர்பெலா இருக்காரா?"

"நான்தாங்க."

"உன்னைத்தான் தேடறோம். நீ ஓடிப்போயிட்டே."

எஸ்கோ முதலில் மறுத்தான். நான் ஓடவே இல்லை, ஓடியிருந்தால் இங்கே எப்படி இருப்பேன் என்று கேட்டான். அதை விசாரணையில் சொல்லிக்கொள் என்றார்கள். குற்றம் உறுதியானால் கோர்ட்டில் கசையடி, பிறகு நோன்புக்காலம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைதோறும் கோயில் வாசலில் கால்களைக் கட்டையில் மாட்டிக்கொண்டு உட்கார வேண்டும். வழியெல்லாம் மனதுக்குள் வாதத்தைத் தயார்செய்துகொண்டே போனான். ஊரை விட்டு நகரவில்லை என்று அக்கம்பக்கத்தில் மூன்று பேராவது சாட்சி சொல்வார்கள். மணியக்காரரே சொல்லவேண்டும். இந்தத் தடவை பேச வேண்டும், வாயை மூடிக்கொண்டு நிற்கக்கூடாது.

நீதிபதி முன்னால் நோர்லிங் எழுந்து நின்று வாசித்தார். மாட்சிமை தாங்கிய ராஜாவின் மண்ணை விட்டுக் கோர்பெலா என்பவன் ஓடிப்போனது சாட்சிகளால் நிரூபணமாகிறது. நம்முடைய ஒற்றர் எதிர்க்கரையில் நேரில் கண்டு அறிவித்தது: ஓடிப்போனவனின் மனைவி அவள் அண்ணன் வீட்டில் மாடு கறக்கிறாள். மகள் கால்வீக்கம் வடிந்து, கரையோரத்தில் பனியில் சறுக்கி விளையாடுகிறாள். கையில் ரொட்டி வைத்திருந்தாள்.

"ஆள் ஓடிப்போனதுக்கு இதைவிட என்ன அத்தாட்சி வேணும்?" என்றார் லெப்டினன்ட். "நம்ம கரையில எந்தக் குழந்தையாவது அப்படி விளையாடுதா?"

நீதிபதி எஸ்கோவைப் பார்த்தார். "நீ என்ன சொல்றே?"

எஸ்கோ வழியெல்லாம் தயார்செய்த வாதத்தை எடுக்கவேயில்லை. நோர்லிங்கைப் பார்த்தான்.

"அதை இன்னொரு தரம் படிங்கய்யா."

குற்றத்தின் கடுமை ஆளுக்குப் புரியவில்லை என்று நினைத்த நோர்லிங், கடைசிப் பகுதியை நிறுத்தி நிதானமாக மறுபடி படித்தார். கால்வீக்கம் வடிந்து. பனியில் சறுக்கி.

"என்ன ரொட்டின்னு போட்டிருக்கா?"

நோர்லிங் தாளைக் கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். "ரை ரொட்டி."

"ஆமாங்க," என்றான் எஸ்கோ. "நான்தான் ஓடிப்போனேன்."